இல்லாத சிவப்பு டிக்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



கைப்பேசி இல்லாத வீடு எங்கள் வியாசர்பாடியில் ஒன்றுகூட இராது. கைப்பேசியைப் பற்றித் தவறான எண்ணம் இல்லாத வீடும் ஒன்றுகூட இராது என்றே நாங்கள் கருதுகிறோம். நாங்கள் என்றால், இப்பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒருத்தியும் ஏழாம் வகுப்பில் ஒருத்தியுமாகப் பயிலும் சகோதரிகள் இருவர். பிறர் வீட்டைப் பற்றிப் பேசுவானேன்? எங்கள் வீட்டுக் கதையையே சொல்லுகிறோம்.

இரவு முழுவதும் சார்ஜரில் கிடந்தால் கைப்பேசி வெடித்துவிடும் என்பது எங்கள் அம்மாவின் நம்பிக்கை. நள்ளிரவில் எழுந்து வந்து பிடுங்கி வைத்துவிட்டுத்தான் மறுபடி உறங்குவார். சார்ஜ் முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அது பழைய நிக்கல்-காட்மியம் மின்கலத்துக்கு உரிய பழக்கம் என்றும், இப்போதுள்ள லித்தியம் மின்கலத்தில் நிறைந்ததும் மின்சாரம் ஏறுவது தானே நின்றுவிடும் என்றும், அதற்குப் பெரும் பகை வெப்பமே என்றும் பின்னர் அறிந்தோம். எங்களில் இளையவள் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவாள். சூடு ஏறுவது அங்கேதான். அவளை மட்டும் ஒருவரும் கண்டித்ததில்லை!

இது சிறிய விஷயம். பெரிய விஷயம் சென்ற ஐப்பசி மழையில் நடந்தது.

நான்கு நாள் மழை விட்ட மறுநாள் காலை. தெருக்குழாயில் வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. வாசனையைப் பற்றி எழுதினால் இம்மலரின் பக்கங்கள் கெட்டுவிடும். கழிவுநீர் கலந்துவிட்டது என்பது குழந்தைக்கும் தெரியும். குடத்தோடு வந்த பெண்கள் குடத்தோடே திரும்பினார்கள். எங்களில் மூத்தவள் அம்மாவின் கைப்பேசியை எடுத்து, குழாயையும் குடத்தையும் ஒரு நிமிடம் படம் பிடித்தாள். தெருக்காரர் இருநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், உரியவர்கள் காதுக்கு எட்டும் என்பது எங்கள் எண்ணம்.

அப்பா பார்த்துவிட்டார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர் அவர். இரவு வண்டி ஓட்டி வந்த களைப்பு வேறு.

“அழிச்சிடு! மூணாவது டிக்கு செவப்பா விழுந்தா வீட்டுக்குப் போலீஸ் வரும். உங்களுக்கு என்ன தெரியும்?” என்றார்.

லாரி ஓட்டுநர்கள் குழுவில் அவருக்கு வந்த செய்தி அது. இரண்டு நீல டிக் என்றால் படித்தாயிற்று; மூன்றும் நீலமானால் அரசாங்கம் பார்த்துவிட்டது; இரண்டு நீலமும் ஒரு சிவப்பும் என்றால் நடவடிக்கை எடுக்கலாம்; மூன்றும் சிவந்தால் நீதிமன்ற அழைப்பாணை! பட்டியல் போட்டு, கீழே கைகூப்பும் படமும் போட்டிருந்தது. அப்பா சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. படத்தை அழித்துவிட்டோம்.

தாத்தா மட்டும் திண்ணையிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். “மூணாவது டிக்குன்றியே, எங்கடா இருக்குது? ஒண்ணு காட்டு பாக்கலாம்.”

அப்பா கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு, “நமக்கு இன்னும் விழல, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் வேலை செய்தவர். 1996இல் மில் மூடப்பட்டது. அவருடைய வாய் மட்டும் மூடவில்லை என்று பாட்டி கேலி செய்வதுண்டு. பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். வாடியாவின் மீது கம்பெனியார் வழக்குப் போட்டு, வேலைநிறுத்தம் செய்யும்படி தொழிலாளரிடம் பேசக்கூடாது என்று உயர்நீதிமன்றத்தில் தடையே வாங்கினார்கள். அதன் பிறகுதான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர் எங்கள் தாத்தா. ஆதலால் இல்லாத டிக்குக்கு அவர் அஞ்சவில்லை.

அதே நாள் மாலை. இதை எழுதும்போது இப்போதும் எங்களுக்குக் கை கூசுகிறது.

அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு பெண்ணின் அழுகைக் குரல். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் சென்னைக்குள் இறங்கியிருக்கிறது, போர்வை விற்பவர் போலவும் பாத்திரம் விற்பவர் போலவும் தெருவில் வருகிறார்கள், பெற்றோர்களே எச்சரிக்கை என்று அந்தக் குரல் சொல்லிற்று. எங்களுக்கு உடல் நடுங்கியது. சித்தி வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறதே! உடனே அனுப்ப முயன்றோம். எப்போதும் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அனுப்பலாம். இந்தப் பதிவோ ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க விட்டது. ஏன் என்று நாங்கள் யோசித்தோமா? இல்லை. ‘நெட்’ சரியில்லை என்று அலுத்துக்கொண்டு சித்திக்கு ஒரு முறை, டியூஷன் தோழியர் குழுவுக்கு ஒரு முறை, தெருக்குழுவுக்கு ஒரு முறை என்று பொறுமையாக மூன்று முறை அனுப்பினோம். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். சிவப்பு டிக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “நல்ல காரியம்” என்றார்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் வேளை. தெருமுனையில் கூட்டம். நடுவில் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிறார். காலடியில் அவிழ்ந்த மூட்டை. பூப்போட்ட போர்வைகள் சேற்றில் கிடக்கின்றன. சட்டையின் ஒரு கை தோளோடு கிழிந்திருந்தது. “பேர் என்ன? எந்த ஊர்? ஆதார் எங்கே?” என்று நாலா பக்கமும் கேட்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த ஒரே சொல்லை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “போர்வை, அம்மா. போர்வை, அம்மா.”

எங்கள் தெருவில் நல்லவர்கள்தாம் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தபோது ஒருவர் வீட்டில் மற்றவர் சோறு உண்டவர்கள். அவர்களில் ஒருவர் கையில்தான் அன்று கிரிக்கெட் மட்டை இருந்தது. இன்னொருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து எல்லோரும் கேட்கும்படி ஒரு பதிவை ஒலிக்கவிட்டார். அந்த அழுகைக் குரலை நாங்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டோம். எங்களில் இளையவள் எங்களில் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாம அனுப்பினதுதானா?” என்றாள். தெருக்குழுவில் அதைப் போட்டவர்கள் வேறு யார்?

தாத்தாதான் காப்பாற்றினார். ஊன்றுகோலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த மனிதருக்கு முன்னால் நின்றார். “இவன் மூணு வருஷமா மழை முடிஞ்சா நம்ம தெருவுக்கு வர்றான். என் தோள் மேல கெடக்குற போர்வை எவன் வித்தது? போன வருஷம் அறுநூறு ரூபா சொன்னான், நானூத்தம்பதுக்குக் குடுத்தான். புள்ள புடிக்கிறவன் பேரம் படியற வரைக்கும் ஒக்காந்து இருப்பானா?” என்றார். யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் மட்டை கீழே இறங்கியது. ரேஷன் கடைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சேற்றிலிருந்து போர்வைகளை எடுத்து உதறிக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் எண்ணிப் பார்க்கவும் இல்லை; மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம், அந்தப் பதிவை அழிக்க முயன்றதுதான். எல்லோருக்குமாக அழிக்கும் வசதிக்கு ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம், அது கடந்திருந்தது. கடக்காவிட்டாலும் என்ன பயன்? நாங்கள் அனுப்பிய படி மறையுமே தவிர, அதை வாங்கி மற்றவர் அனுப்பிய படிகள் எங்கள் கைக்கு எட்டா. அழித்தால் போய்விடும் என்பது எங்கள் வீட்டுத் தவறான எண்ணங்களில் தலையாயது என்று அன்று கண்டோம்.

மறுநாள் கணினி வகுப்பு முடிந்ததும் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் அம்மாவின் கைப்பேசியை மாலையில் கொண்டுவரச் சொல்லி, அந்தக் குரல் பதிவைத் திறந்து, அதன் தலைப்பில் இருந்த ஒன்றைச் சுட்டிக் காட்டினார். இரண்டு சிறிய அம்புகள். “இது எப்போதிலிருந்து இருக்கிறது?” என்று கேட்டார். முதலிலிருந்தே இருந்திருக்க வேண்டும். நாங்கள் பார்க்கவே இல்லை.

ஒரு செய்தி ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்திருந்தால் அந்த இரட்டை அம்பு விழும். அனுப்பியவருக்கே அது யார் சொன்னது என்று தெரியாது என்பதுதான் அதன் பொருள். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். நாங்கள் ‘நெட்’ சரியில்லை என்று நினைத்தது அதைத்தான்! இல்லாத சிவப்பு டிக்கைத் தேடிக் கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிய வீட்டில், இருந்த எச்சரிக்கையை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தத் தடை ஏன் வந்தது என்றும் சிஸ்டர் சொன்னார். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. 65 வயது மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் திரண்டது. அவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே வாரத்தில், எண்ணூரைத் தாண்டி வடக்கே இருக்கும் பழவேற்காட்டில், ஊர் பேர் தெரியாமல் சுற்றித் திரிந்த ஒரு மனிதரும் அவ்வாறே கொல்லப்பட்டார். இரண்டுக்கும் முன்னால் கைப்பேசிகளில் சுற்றி வந்தவை எங்கள் பதிவைப் போன்றவைதாம். அந்த ஆண்டு வடமாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நடந்தன. ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

மட்டை வைத்திருந்தவர் கை இறங்காமல் இருந்திருந்தால்? அந்த எண்ணத்தில் அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் வரவில்லை.

டிக் விஷயத்தையும் கேட்டோம். ஒரு டிக், அனுப்பியாயிற்று. இரண்டு டிக், போய்ச் சேர்ந்தது. இரண்டும் நீலமானால் படித்தாயிற்று. 2014இல் நீலம் வந்தது. மூன்றாவது என்று ஒன்று இல்லவே இல்லை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே 2020லும் 2021லும் அந்தப் பட்டியல் பொய் என்று அறிவித்திருக்கிறது. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் ஒரு முனையில் பூட்டப்பட்டு மறுமுனையில்தான் திறக்கப்படுகின்றன; இடையில் கொண்டு செல்லும் நிறுவனமே உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க இயலாது. ஆனால் இதிலும் ஒரு மயக்கம் உண்டு. வழியில் பூட்டியிருக்கிறதே ஒழிய, போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்துதானே கிடக்கிறது? இருநூறு பேர் உள்ள குழுவில் சொல்லுவது, தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுவதற்குச் சமம். இருநூறு பேரில் எவர் வேண்டுமானாலும் அதைப் படம் எடுத்து எங்கும் கொடுக்கலாம்.

பூட்டு என்றதும் அம்மாவின் கதை நினைவுக்கு வருகிறது. அம்மா வீட்டில் தையல் வேலை செய்பவர். ரவிக்கை ஆறு தைக்க வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டம் போட்ட படத்தை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை இடுங்கள் என்று ஒருவன் போனில் சொன்னான். அம்மாவும் இட்டார். பணம் வரவில்லை, 1,850 ரூபாய் போயிற்று. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்கு மட்டுமே தேவை என்பது அம்மாவுக்கு அன்று தெரியாது. “பூட்டுப் படம் போட்டிருந்துதே, பத்திரம்னுதானே நெனச்சேன்” என்று அழுதார். பூட்டுப் படம் வழி பத்திரமானது என்று மட்டுமே சொல்லும். வழியின் முடிவில் திருடன் உட்கார்ந்திருந்தால் அதற்குத் தெரியாது. இப்படி நேர்ந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாங்கள் அழைத்தது நான்கு நாள் கழித்து. நள்ளிரவில் எழுந்து சார்ஜரைப் பிடுங்கும் அதே அம்மாதான், முன்பின் அறியாதவன் கேட்டதும் எண்ணை இட்டுவிட்டார் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் அப்பாவின் பயத்தை மட்டும் முழுவதும் பொய் என்று தள்ளிவிட முடியாது. 2012 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு சிறுதொழில் அதிபர், அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தில் பால்கர் என்னும் ஊரில், மும்பை அடைக்கப்பட்டதைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணும், அதற்கு ‘லைக்’ போட்ட அவள் தோழியும் கைதாயினர். ‘லைக்’ போட்டதற்குக் கைது! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. மூன்றாண்டுவரை சிறை விதிக்கலாம். அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் ஷ்ரேயா சிங்கல் என்ற 21 வயதுப் பெண். 2015 மார்ச் 24ஆம் நாள் நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் அந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கினார்கள். அதற்குப் பின்னும் சில இடங்களில் காவல்துறையினர் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. சட்டம் மாறியது காவல் நிலையத்துக்கே தாமதமாகத்தான் எட்டியது என்றால், துறைமுக வாசலில் இரவெல்லாம் வரிசையில் நிற்கும் எங்கள் அப்பாவுக்கு எப்படி எட்டும்?

எங்கள் குடிமையியல் நூலில் முதற்பாடமே இந்திய அரசியலமைப்பு. பத்தொன்பதாம் பிரிவில் பேச்சுரிமையும் இருக்கிறது, அதற்கான வரம்புகளும் இருக்கின்றன. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அரசு தடுத்தது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. மறு ஆண்டே அரசியலமைப்பைத் திருத்தி, பொது ஒழுங்கு என்பதையும் வரம்புகளில் சேர்த்தார்கள். இதையெல்லாம் நாங்கள் மதிப்பெண்ணுக்காகப் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மறுபடி படித்தபோது வேறு மாதிரி இருந்தது. தெருக்குழாயில் வரும் நீர் கெட்டிருக்கிறது என்று கண்ணால் கண்டதைச் சொல்லுவது எங்கள் உரிமை, அதை அழித்துவிட்டோம். அச்சத்தை மூட்டும் பொய்ச் செய்தியைப் பரப்புவது, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவில் குற்றம். அதை மூன்று முறை அனுப்பினோம். உண்மை என்று நம்பத் தக்க காரணம் இருந்து, தீய எண்ணம் இல்லாமல் சொன்னவருக்கு அதில் விலக்கு உண்டு. எங்களுக்குத் தீய எண்ணம் இல்லை. தக்க காரணம் என்ன இருந்தது? ஒரு குரல், அதுவும் யார் குரலோ!

‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்று சொல்லித் தப்பலாமா? நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவு செய்யும் பிறர் பதிவு ஒன்றை 2018இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். பிறகு நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அப்படியும் வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும், அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டன. இதைப் படித்துக் காட்டியபோது அப்பா வெகு நேரம் பேசவில்லை.

இன்னொரு வேடிக்கை. சமையல் எண்ணெய் விளம்பரத்தை நாள்தோறும் தெருக்குழுவில் போட்டுவந்த பக்கத்து வீட்டு அத்தையைக் குழு நடத்துபவர் நீக்கிவிட்டார். “பேச்சுரிமையே போச்சு!” என்று அத்தை தெருவே கேட்கும்படி கத்தினார். அரசாங்கம் நம் வாயை மூடக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவின் சாரம். தம் வீட்டுத் திண்ணையில் யாரை உட்கார வைப்பது என்பது அவரவர் விருப்பம் என்று விளக்கினோம். அத்தை எங்களோடும் இரண்டு நாள் பேசவில்லை. அந்தக் குழு நடத்துபவரோ, குழுவில் எவர் எதைப் போட்டாலும் தம்மைத்தான் பிடிப்பார்கள் என்று பயந்து பாதிப் பேரை நீக்க இருந்தார். உடன்பட்டுச் செயல்படாத வரையில், பிறர் போட்டதற்கு நடத்துபவர் மட்டும் என்பதனாலேயே குற்றவாளி ஆகமாட்டார் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருப்பதைத் தாத்தாதான் அவரிடம் போய்ச் சொன்னார். நாங்கள் சொல்லிக் கொடுத்ததை, தாமே கண்டுபிடித்தது போலச் சொன்னார்.

அந்த வாரமே மறுபடி மழை. மறுபடி டீ நிறத் தண்ணீர். எங்களில் மூத்தவள் மறுபடி படம் பிடித்தாள். இம்முறை நாள், நேரம், தெருவின் பெயர் மூன்றையும் எழுதி, யாரையும் திட்டாமல், கண்டதை மட்டும் நான்கு வரியில் எழுதினோம். அப்பா வாசித்துப் பார்த்து ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தார். அதன் கீழேயே, பிள்ளை பிடிப்பவர் பதிவு பொய், அதை இக்குழுவில் போட்டவர்கள் நாங்களே, மன்னிக்கவும் என்றும் எழுதினோம். முதற் செய்திக்கு நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். இரண்டாவதற்கு இரண்டே பேர். ஒருவர் தாத்தா, இன்னொருவர் அன்று கையில் மட்டை வைத்திருந்தவர்.

வியாழனன்று ஆட்கள் வந்து தெருவைத் தோண்டிக் குழாயைச் சரி செய்தார்கள். எங்கள் படத்தைப் பார்த்து வந்தார்களா, அவர்கள் முறைப்படி வந்தார்களா, தெரியாது. அப்பா அன்று மாலை கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் டிக்கை உற்றுப் பார்த்ததை நாங்கள் இருவரும் கண்டோம். பார்க்காதது போல இருந்துவிட்டோம்.

மார்கழி பிறந்து, கிறிஸ்துமஸும் வந்து போயிற்று. குளிர் இவ்வாண்டு சற்று அதிகம். மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் மூட்டையோடு எங்கள் தெருவுக்கு வரும் போர்வைக்காரர் அதன் பிறகு வரவில்லை.